ரிஷிமூலம் பார்க்கத்தான் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, என்னைத் தகுதிக்கு மீறிப் புகழ்ந்த செயலாளர் அம்மையார் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் ஓவியக் கல்லூரி முதல்வர் அவர்களே, வகுப்பை நிறுத்திவிட்டு மாணவர்களோடு வந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, கூட்டம் முடிந்ததும் காபி உண்டு என்று நம்பி வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். ஓவியச் சந்தையில் இந்தப் பேச்சு எடுபடாது.

2024 ஆகஸ்டில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், தாமஸ்டன் என்ற ஊரில் ஓர் ஏலம். கேம்டனில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த படம் வந்தது. கறுப்பு உடை, வெள்ளைத் தொப்பி, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பட்டி அணிந்த டச்சு இளம்பெண். யார் அவள், யார் கை? தெரியாது. 'ரெம்பிராண்டைப் பின்பற்றியது', அதாவது பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவிய மேதையைப் பார்த்து வேறு யாரோ வரைந்தது என்று ஜாக்கிரதையாகப் போட்டு, 10,000 முதல் 15,000 டாலர் வரை மதிப்பிட்டார்கள். போனதோ 14 லட்சம் டாலருக்கு! பின்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ரெம்பிராண்ட் பெயர் போட்டு, 1970இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்கு இரவல் தந்ததாக. முகத்தைப் பார்த்தவர்களைவிட முதுகைப் பார்த்தவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட படத்தின் மூலத்தை அறிய மரம், வார்னிஷ், உடை என்று மூன்று வழிகளைச் சொல்லப்போகிறேன். முதலில் மரம். அந்தக் காலத்து டச்சு ஓவியர்கள் பால்டிக் பகுதி ஓக் பலகையில் நிறைய வரைந்தார்கள். பலகை விளிம்பில் மரத்தின் ஆண்டு வளையங்களை அளந்து, காலம் தெரிந்த மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டால், எந்த ஆண்டுக்கு முன்னால் அதில் வரைந்திருக்கவே முடியாது என்று தெரியும். யார் வரைந்தது என்று மரம் சொல்லாது. ரெம்பிராண்ட் பட்டறையில் சீடர்கள் குருவின் படங்களைப் பார்த்து வரைந்துதான் தொழில் பழகினார்கள். ஒரே வகைப் பலகை, ஒரே பாணி.

வார்னிஷுக்குப் போகுமுன் ஒரு கதை. தலைவர் மணியைப் பார்க்க வேண்டாம், சின்னக் கதைதான்.

1892இல் லண்டனில் ஒரு வியாபாரி இன்னொருவருக்கு ஒரு படத்தை 4,500 பவுண்டுக்கு விற்றார். குடித்துக் களிக்கும் ஜோடி. ரெம்பிராண்ட் காலத்து இன்னொரு டச்சு மேதை ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்தது, அவருடைய மிகச் சிறந்த படைப்புகளில் ஒன்று என்று ஏகப் புகழ்ச்சி! வாங்கியவர் உற்றுப் பார்த்தார். ஹால்ஸின் கையெழுத்து இல்லை. ஜே, எல் என்று இரண்டு எழுத்து, கூடவே ஒரு குட்டி நட்சத்திரம். விஷயம் கோர்ட்டுக்குப் போய்ச் சமரசத்தில் முடிந்தது. அந்த நட்சத்திரக்காரர் யூதித் லைஸ்டர், ஹார்லெம் ஊர்ப் பெண். 1633இல் ஓவியர் சங்கத்தில் ஆசான் தகுதியோடு சேர்ந்தவர். 1893இல் ஹாஃப்ஸ்டேட டி க்ரோட் என்ற டச்சு அறிஞர் ஏழு படங்களை அவருடையவை என்று காட்டினார்.

படம் அதே படம்தானே? நேற்றுவரை மிகச் சிறந்தது, ஹால்ஸ் வரையவில்லை என்றதும் புகார்! நதிமூலம் பார்த்தார்கள் சரி, பார்த்த பிறகு முகம் சுளிப்பானேன்?

பெயர் தெரியாத டச்சுப் படம் என்றால் உடனே ரெம்பிராண்டா, ஹால்ஸா என்று கேட்கிறோம். அந்தக் காலத்து ஓவியர் சங்கப் பதிவேட்டில் இருந்த பெண்களை யார் கேட்கிறார்கள்? அதனால்தான் நமது சங்கத்தின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுகள் முழுவதையும் பெண் ஓவியர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறேன். மணி அடித்துவிட்டார்கள், வார்னிஷும் உடையும் இன்னொரு நாள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்துத் தமது என்று தலைவர் அவர்கள் மேடையேறும்போது சொன்னார்கள், சபையே சாட்சி. கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் காபிக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.