குசினியைத் திருத்த முன்னம் ஒரு கிழமை பாருங்கள்

[திரையில்: புட்டு அவிகிற குசினி]

வணக்கம். குசினி திருத்தப் போகிறோம் என்றதும் எல்லாரும் ரைல்ஸ் நிறம் பார்க்க ஓடுகிறார்கள். அது கடைசி வேலை. முதலில் ஒரு கொப்பித் தாளைக் குசினிக் கதவில் ஒட்டி, சமைக்கிறவர் எதற்கெல்லாம் வெளியே போனார், எங்கே குனிந்தார், எதை வைக்க இடமில்லாமல் நிலத்தில் வைத்தார் என்று ஒரு கிழமை குறித்துவாருங்கள்.

எங்கள் தாளில் அதிகம் வந்தது தேங்காய். புட்டு, சம்பல், சொதி என்று ஒவ்வொரு முறையும் அம்மா திருவலையைத் தேடிப் பின்விறாந்தைக்குப் போனார். சரி, விளிம்பில் பூட்டுகிற திருவலை வாங்கலாம் என்றால் மேடையில் பூட்ட இடமே இல்லை, கல் முடிகிற இடத்திலேயே அலுமாரிக் கதவு தொடங்குகிறது. கல்லை 2 அங்குலம் வெளியே நீட்டச் சொல்லுங்கள், அதற்கு முன் பூட்டின் வாய் கல்லின் தடிப்புக்குப் போதுமா என்று அளந்துவிடுங்கள்.

[திரையில்: முழங்கை, அளவு நாடா]

மேடை உயரத்தை மேசனிடம் விடாதீர்கள். எங்களுக்கு வழமைப்படி 36 அங்குலத்தில் கட்டினார்கள். அம்மா 5 அடி. அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் பானை, தோளைத் தூக்கித்தான் கறி கிளறினார். முழங்கையை மடக்கி நின்று, நிலத்திலிருந்து அதுவரை அளந்து 4 அங்குலம் கழியுங்கள். அவருக்கு 33 போதும், அடுப்பு வைக்கிற பகுதி இன்னும் கீழே இருந்தால் நல்லது.

தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், கேத்திலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள், பளபளக்கும் கறுப்புக் குழாயிலும் அதுதான் படியும். மேடைக்கு மாபிள் வேண்டாம், தேசிக்காய்ப் புளி பட்டால் மினுக்கம் போய்விடும், கிரனைட் தாங்கும்.

மீன் வெட்ட வெளியே இடுப்பளவில் ஒரு சிங்க் வையுங்கள். ஆனால் அந்தக் கழிவுத்தண்ணீரைக் கிணற்றுக்குத் தூரமாக விடுங்கள், சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் அழுக்கு நிலத்தடி நீருக்குச் சுறுக்காக இறங்கிவிடும்.

புகைக்கூட்டோடு விறகடுப்பு இருந்தால் தயவுசெய்து இடிக்காதீர்கள். 2022இல் காஸ் வரிசையில் நின்றவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தூளுக்கு மிளகாய் வறுக்கிற நாளிலும் அதுதான் கைகொடுக்கும்.

[திரையில்: நிலத்தில் சோக்குக் கோடு]

எல்லாம் முடிவானதும் மேடை, சிங்க், அடுப்பு மூன்றையும் முழு அளவில் சோக்கால் நிலத்தில் கீறுங்கள். சமைக்கிறவர் அதற்குள் நின்று, புட்டுக்கு மா குழைப்பதிலிருந்து நீத்துப்பெட்டி இறக்குவதுவரை ஒருதரம் நடந்து பார்க்கட்டும். பிறகு மேசனைக் கூப்பிடுங்கள்.