சும்மா இருக்கும் கால்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ சேலத்துக்கோ விமானத்தில் போனவர்களில் பலர் ஏடிஆர் 72 ரகத்தில் ஏறியிருப்பீர்கள். சன்னலோரம் உட்கார்ந்தால், ஆறு இதழ்களோடு பெரிய விசிறி ஒன்று சுழல்வது தெரியும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள். ஒன்று நின்றுபோனாலும் மற்றதன் பலத்தில் மேலேறவும், திரும்பிவந்து இறங்கவும் முடியும்படிதான் அதைக் கட்டியிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், இழுப்பு ஒரு பக்கமாகிவிடும்.

நுகத்தில் பூட்டிய இடது மாடு படுத்துவிட்டால், வலது மாடு இழுக்க இழுக்க வண்டி இடப்பக்கமே திரும்பும். விமானத்தின் மூக்கும் அப்படியே, நின்ற எஞ்சின் பக்கம் திரும்பும். விமானி எதிர்ப்பக்கக் காலால் சுக்கான் மிதியை அழுத்திப் பிடித்து நேராக்க வேண்டும்.

எந்த எஞ்சின் நின்றாலும் ஒன்றுதானே என்று தோன்றும். அப்படியில்லை. பின்னாலிருந்து பார்த்தால் ஏடிஆரின் இரண்டு விசிறிகளும் வலஞ்சுழியாகவே சுற்றுகின்றன. மூக்கைத் தூக்கி ஏறும்போது, வலப்புறம் கீழிறங்கும் இதழ் காற்றைக் கூடுதல் கோணத்தில் வெட்டி அதிகம் இழுக்கும். இடப்புறம் மேலேறும் இதழ் குறைவாக இழுக்கும். அதனால் ஒவ்வொரு விசிறியின் இழுவிசையும் சற்று வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. இடது எஞ்சினுக்கு அது உடலை நெருங்கும் நகர்வு. வலது எஞ்சினுக்கு விலகும் நகர்வு. வலது மாட்டை நுகத்தின் கடைக்கோடியில் பூட்டியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது நின்று வலது மட்டும் இழுத்தால் மூக்கு வலுவாகத் திரும்பும். காலுக்கு வேலை அதிகம். ஆகவே இடதைக் கிரிட்டிக்கல் எஞ்சின் என்கிறோம். வேகம் குறையக் குறையச் சுக்கானுக்குப் பிடிப்பும் குறையும் என்பதால், கட்டுப்படுத்த முடிகிற குறைந்தபட்ச வேகத்தை அந்த எஞ்சின் நின்றதாக வைத்தே கணக்கிடுகிறார்கள்.

நின்ற எஞ்சினின் விசிறி காற்றில் வெறுமனே சுழன்றால் தடையாகிவிடும். இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்புவதை ஃபெதர் என்பார்கள். ஏடிஆரில் அதைச் செய்யத் தானியங்கிக் கருவி உண்டு.

2015 பிப்ரவரி 4. தைப்பேயிலிருந்து கின்மென் தீவுக்கு 58 பேருடன் கிளம்பியது டிரான்ஸ்ஏசியாவின் ஏடிஆர் 72. ஒரு நிமிடத்துக்குள் வலது விசிறி தானாகவே ஃபெதர் ஆனது. தானியங்கிக் கருவிக்குள் மின் இணைப்பின் சால்டரிங் விட்டுப்போயிருந்ததை விசாரணை பிறகு கண்டறிந்தது. பாதிக்கப்பட்டது கிரிட்டிக்கல் எஞ்சின்கூட அல்ல. இடது எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிய கேப்டன் அந்த இடது எஞ்சினின் த்ராட்டிலை, அதாவது சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை, பின்னுக்கு இழுத்தார். பொறுங்கள், சரிபார்ப்போம் என்று பக்கத்து விமானி சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. ஆனாலும் சற்று நேரத்தில் அந்த எஞ்சின் நிறுத்தப்பட்டது. பக்கம் மாறிவிட்டதைக் கேப்டன் உணர்ந்து சொன்னபோது சில விநாடிகளே மிச்சம். விமானம் மேம்பாலத்தை உரசி கீலுங் ஆற்றில் விழுந்தது. 43 பேர் இறந்தார்கள்.

அந்த ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அன்று மூக்கு வலப்பக்கம் திரும்பும்; மிதிக்க வேண்டியது இடது கால். வலது காலுக்கு வேலையே இல்லை. எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்கத்து எஞ்சின்தான் நின்றது. பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது.

அதனால்தான் மாணவர்களிடம் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முதலில் மூக்கை நேராக்கு. சும்மா இருக்கும் கால் எது என்று வாய்விட்டுச் சொல். அந்தப் பக்கத்து நெம்புகோலில் கை வை, இழுக்காதே. மீட்டரைப் பார்த்துப் பக்கத்து விமானி “ஆம்” என்று சொல்லும்வரை கை அங்கேயே இருக்கட்டும்.