விசில் இல்லாத உஸ்தாத்

(குடியாத்தம் பக்கம் பரதராமியில், முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் கூடிய இடத்தில் பேசியது. பேச்சில் விட்டுப்போன ஓரிரு விஷயங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். சுபேதார் ஐயா என்னை அறிமுகம் செய்தபோது "பதினேழு வருஷம் எம்.இ.ஜி.யில் இருந்த நம்ம தம்பி" என்றார். ஏதோ வயதில் சின்னவன் என்று பாசமாகக் கூப்பிடுகிறார் என்று இங்கே இருக்கும் அக்காமார்கள் நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. எம்.இ.ஜி. என்கிற மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படையில், சேர்ந்துவிட்டால் எல்லாருக்கும் பெயர் தம்பிதான், மற்ற ரெஜிமெண்ட்காரர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தலை நரைத்த பிறகும் தம்பிதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன். முன்வரிசையில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ஏழெட்டுப் பையன்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பட்டாளத்திலிருந்து வந்ததும் ஜிம் வைக்கப் போகிறேன், கோச் ஆகப் போகிறேன் என்று வாசலிலேயே இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் பேச்சை மாற்றிக்கொள்கிறேன்.

நான் புனேயில் பி.டி. கோர்ஸ் முடித்தவன். யூனிட்டில் என்னை உஸ்தாத் என்பார்கள். விடிகாலை விசில், ஓட்டம், தண்டால், கயிறு ஏறுதல், பள்ளம் தாண்டுதல். பி.பி.ஈ.டி. என்ற ராணுவ உடல்தகுதித் தேர்வில் 5 கிலோமீட்டர் ஓட்டம் எனக்கு எப்போதும் எக்ஸலண்ட்தான். அப்படிப்பட்ட என் முதுகு ஒருநாள் பெய்லி பாலத்தின் ஒரு பேனலைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது. சாப்பர் அல்லாதவர்களுக்குச் சொல்கிறேன், பெய்லி என்பது துண்டுகளைக் கோர்த்து அவசரத்துக்குக் கட்டும் பாலம், அதன் பேனல் 10 அடி நீளம், 5 அடி உயரம் உள்ள இரும்புச் சட்டம், எடை சுமார் 260 கிலோ. அதற்கு ஆறு பேர். குறுக்கே மூன்று கம்பியைச் செருகி ஆளுக்கொரு முனையைப் பிடிக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் ஒருவருக்கு 43 கிலோ, சிமெண்ட் மூட்டையைவிடக் குறைவு. ஆனால் ஒருவன் அரை நொடி முந்தித் தூக்கினால் அவன் பங்கு 43 இல்லை. அன்றைக்கு முந்தியவன் நான். உஸ்தாத் இல்லையா, பந்தா.

2024-இல் வயநாட்டு நிலச்சரிவை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஜூலை 30 விடியற்காலை மலை சரிந்தது, ஆகஸ்ட் 1 மாலைக்குள் சூரல்மலையில் நம் எம்.இ.ஜி. ஆட்கள் 190 அடிக்குப் பெய்லி பாலத்தை முடித்துவிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போது எல்லாரும் பாலத்தைப் பார்த்தார்கள், நான் பையன்களின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, என் முதுகுக்கு வருகிறேன். இரண்டு வாரம் லைட் டூட்டி. அப்போது யூனிட்டுக்குப் புதிதாக வந்த ஒரு கேப்டன், சின்ன வயசு, ஸ்டோர் ஓரத்தில் ஒரு போர்டை மாட்டி அதில் தினமும் ஏதோ எழுதிவைப்பார். இத்தனை டெட்லிஃப்ட், இத்தனை புல் அப்ஸ், நடுவில் ஓட்டம், எத்தனை நிமிடம் என்று. இது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்று பார்த்தேன். அவர் பாரைத் தரையிலிருந்து எடுத்த விதம் இருக்கிறதே, குதிகால் தரையில் அழுந்தி, இடுப்பு பின்னால் போய், முதுகு பலகை மாதிரி நின்று, அப்புறம் எழுந்தார். நாங்கள் வருஷக்கணக்காகத் தூக்கிய அதே பேனல்தான் அது. ஓடத் தெரிந்த எனக்கு, தண்டால் நூறு எடுக்கத் தெரிந்த எனக்கு, தரையில் கிடக்கும் பொருளை எடுக்கத் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பெயர் ஃபங்ஷனல் ஃபிட்னஸ் என்றார். பெயர் பெரிதாக இருக்கிறது, விஷயம் சின்னது. குனிவது, தூக்குவது, சுமப்பது, இழுப்பது, தள்ளுவது, ஏறுவது, அதாவது உடம்புக்கு வேலையில் வரும் அசைவுகளையே பயிற்சியாக வைத்துக்கொள்வது. நம் ஊர்களில் இளவட்டக்கல் கிடந்ததே, அதுவும் இந்த ஜாதிதான். இதற்கு நேர்மாறு கண்ணாடி முன்னால் நின்று புஜத்தைப் பார்த்துக்கொள்வது. யூஜின் சாண்டோ என்ற பயில்வான் 1904, 1905 வாக்கில் இந்தியா முழுக்கச் சுற்றிக் காட்சி நடத்திவிட்டுப் போனார், அவர் பெயர் இன்றைக்கும் நம் பனியனில் இருக்கிறது. நான் இப்போது பயிற்சி கொடுக்கும் மைதானத்துக்கு வரும் பையன்களில் பாதிப்பேர் முதல் நாள் கேட்பது சாண்டோ காட்டிய புஜத்தைத்தான். கேட்கட்டும், தப்பில்லை, இருபது வயசு.

அமெரிக்காவில் கிரெக் கிளாஸ்மன் என்பவர் 2000-இல் கிராஸ்ஃபிட் என்ற உடற்பயிற்சி முறையை ஆரம்பித்து, அடுத்த வருஷத்திலிருந்து தினம் ஒரு பயிற்சியை இணையத்தில் இலவசமாகப் போட்டார். ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் இருந்த சிப்பாய்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு கம்பி, ஒரு மூட்டை, கொஞ்சம் இடம் போதும், முகாமில் வேறென்ன இருக்கும். மைக்கேல் மர்ஃபி என்ற கடற்படை லெஃப்டினன்ட் 2005 ஜூன் 28 அன்று ஆப்கானிஸ்தானில் இறந்தார். அவருக்குப் பிடித்த பயிற்சி இப்போது அவர் பெயரிலேயே நடக்கிறது. 1 மைல் ஓட்டம், 100 புல் அப்ஸ், 200 புஷ் அப்ஸ், 300 ஸ்குவாட், திரும்ப 1 மைல் ஓட்டம், இதெல்லாம் 9 கிலோ சட்டையைப் போட்டுக்கொண்டு. நம் ஆள் சேர்ப்பு ரேலியில் ஓடுகிற 1.6 கிலோமீட்டர் இருக்கிறதல்லவா, அதுவும் இந்த மைல்தான், வெள்ளைக்காரன் விட்டுப்போனது.

சிப்பாய் கோச் ஆவது ஒன்றும் புதுசு இல்லை. கிரிமியப் போர் முடிந்து கொஞ்ச காலத்தில், 1860-இல், பிரிட்டிஷ் ராணுவம் 12 ஹவில்தார் மட்டத்து ஆட்களைப் பொறுக்கி ஆக்ஸ்ஃபோர்டில் உடற்பயிற்சிக்கூடம் வைத்திருந்த ஆர்ச்சிபால்ட் மெக்லாரனிடம் அனுப்பியது. பட்டாளத்துக்காரர்கள் பன்னிரண்டு பேர் ஒரு சிவிலியன் வாத்தியாரிடம் கற்றுக்கொள்ளப் போனார்கள். அவர்கள் திரும்பிவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததிலிருந்துதான் ராணுவ பி.டி. என்ற துறையே முளைத்தது. உஸ்தாத்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தாக்கள் அவர்கள்.

நான் கற்றுக்கொள்ளப் போன கதை இவ்வளவு கௌரவமானது இல்லை. பட்டாளம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்த பிறகு, பெங்களூரில் இரண்டு நாள் கிராஸ்ஃபிட் லெவல் ஒன் வகுப்புக்குப் பணம் கட்டினேன். ஒரு மாதப் பென்ஷன் போதவில்லை, மீதியைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், அவளும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். கனமான பாரைத் தருவார்கள், ஒரு கை பார்த்துவிடலாம் என்று போனால் கையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தார்கள். தண்ணிக்குப் போடுகிற பி.வி.சி. குழாய். ஒன்பது அசைவுகள், பெரும்பாலும் அந்தக் குழாயை வைத்துத்தான். அதற்கும் முன்னால் வெறும் ஸ்குவாட். என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண் ஒருத்தி வந்து, "சார், உங்க குதிகால் தூக்குது" என்றாள். பதினேழு வருஷத்தில் யாரும் என் குதிகாலைப் பார்த்ததில்லை. வரிசை நேராக இருக்கிறதா, எண்ணிக்கை சேர்கிறதா, இவ்வளவுதான் பார்ப்பார்கள், நானும் அதைத்தான் பார்த்தேன்.

ஊருக்கு வந்து ஒரு மாந்தோப்பு ஓரம் வாடகைக்கு இடம் பிடித்தேன். டிராக்டர் டயர் இரண்டு, மணல் அடைத்த சாக்கு, தண்ணி கேன், புளியமரத்தில் கயிறு. ரேலிக்குத் தயாராகும் பையன்கள்தான் முதலில் வந்தார்கள், பாதிப்பேர் எல்லைக்கு அந்தப் பக்கம், வி.கோட்டா, பலமநேர் பக்கத்திலிருந்து. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடியில் ஓடினால் 60 மார்க், 10 புல் அப்ஸுக்கு 40. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு மேல் சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

ஒரு பையன் மூன்று மாதம் வராமல் இருந்துவிட்டுத் திரும்ப வந்தான். வந்த முதல் நாளே ஐந்து நிமிடம் லேட். எனக்குள் இருந்த உஸ்தாத் எழுந்துகொண்டார். விசிலை ஊதி, எல்லாரையும் நிற்கவைத்து, அவனைக் கம்பியில் தொங்கவிட்டு, மேலே ஏறி மெதுவாக இறங்கு, இன்னும் மெதுவாக, எண்ணிக்கை என் வாயில் இருக்கிறது, உன் கையில் இல்லை என்றேன். அந்த வசனம் எனக்கு ஒரு உஸ்தாத் சொன்னது. எவ்வளவு ஏற்றினேன் என்று எனக்கே கணக்கு இல்லை. மூன்றாம் நாள் அவன் அம்மா போன் செய்தார்கள். முழங்கை நீட்ட வரவில்லை, கை இரண்டும் வீங்கிக் கெட்டியாக இருக்கிறது, சிறுநீர் பால் ஊற்றாத டிகாக்ஷன் நிறத்தில் போகிறது. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி, வேலூரில் சேர்த்தோம். தசை சிதைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கும், ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். அந்த வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் அந்தக் கேள்விக்குச் சரியாகத்தான் டிக் அடித்தேன். பழக்கம் விட்டுப்போன உடம்பு, இறங்கும்போது தாங்கிப்பிடிக்கும் அசைவு, அதிக எண்ணிக்கை, மூன்றும் சேர்ந்தால் வரும். மூன்றையும் நான்தான் சேர்த்தேன். நாலு நாள் டிரிப்பில் இருந்தான். பிழைத்துக்கொண்டான், சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவன் அப்பா சித்தூரில் பெங்களூரா மாங்காய் லோடு ஏற்றுகிறவர். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மிலிட்டரின்னா அப்படித்தான் சார் இருக்கும்னு நாங்களே நினைச்சுட்டோம்" என்றார். நான் என்ன பதில் சொல்வது?

விசிலை அன்றைக்குப் பீரோவில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பட்டாளத்தில் உடற்பயிற்சியும் தண்டனையும் ஒரே பாத்திரத்தில் வேகும். லேட்டா, தண்டால். பட்டன் இல்லையா, ஃப்ரண்ட் ரோல். ரக்டா, அதாவது தண்டனைப் பயிற்சி, என்றால் இங்கே பாதிப்பேருக்கு இப்போதும் முட்டி வலிக்கும். இளம் வயசு, சாப்பாடு உண்டு, தினமும் நடக்கிறது, அதனால் உடம்பு தாங்கிவிடுகிறது. அதே வழக்கத்தை வெளியே கொண்டுவந்து காசு வாங்கிக்கொண்டு செய்கிறோம், ஜனங்களும் அதுதான் மிலிட்டரி ஸ்டைல் என்று ஆசையாக வருகிறார்கள். பர்ப்பியை எடுத்துக்கொள்ளுங்கள், குனிந்து கை ஊன்றி, காலைப் பின்னால் வீசி, திரும்ப எழுகிற பயிற்சி. ராயல் பர்ப்பி என்ற ஆராய்ச்சியாளர் 1930-களில், ஒருவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க, நாலே நாலு முறை செய்யவைத்து நாடித்துடிப்பைப் பார்க்கக் கண்டுபிடித்தது அது. அளவுகோல். அமெரிக்க ராணுவம் அதை எடுத்துக்கொண்டது, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, இப்போது ஜிம்மில் செல்போனை எடுத்தால் ஐம்பது பர்ப்பி. அளவுகோலை எடுத்து முதுகில் அடிக்கிற கதை.

இப்போது என் மைதானத்தில் லேட்டாக வருகிறவன் லேட்டாக ஆரம்பிக்கிறான், அவ்வளவுதான். பக்கவாட்டில் நின்று குதிகாலைப் பார்க்கிறேன். எண்ணுவதைப் பையன்களிடமே விட்டுவிட்டேன். நான் எண்ணினால் ஏக், தோ, தீன் என்றுதான் வரும். அவர்கள் தமிழும் தெலுங்கும் கலந்து எண்ணுகிறார்கள். ரெண்டு இரண்டு மொழிக்கும் பொது, தகராறு இல்லை. தெலுங்குப் பையன் மூன்றுக்கு "மூடு" என்பான், பக்கத்தில் இருக்கும் நம் பையன் "நீ மூடு" என்பான், அன்றைக்கு அந்த செட் போச்சு.

ரேலிப் பையன்கள் மட்டும் வந்துகொண்டிருந்த இடத்துக்கு இப்போது காலை ஆறரைக்கு ஒரு அக்காமார் கோஷ்டி வருகிறது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் ஒரு அக்கா, ஐம்பத்தெட்டு வயது, வந்த அன்றைக்கு ஒன்றுதான் கேட்டார்கள். தரையில் உட்கார்ந்தால் யாராவது கை கொடுக்காமல் எழ வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்து எழச் சொன்னேன். திண்ணை உயரத்தில் ஆரம்பித்தோம். பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு செங்கல்லை உருவிவிடுவேன். சில வாரம் உருவ முடியாது, முட்டி வலி, வீட்டில் கல்யாணம், மழை. ஒருநாள் நான் டயரைப் புரட்டிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்தால் செங்கல்லையெல்லாம் அவர்களே ஓரமாக எடுத்துவைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்ததை நான் பார்க்கவில்லை. அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள்.

பையன்களுக்கு வருகிறேன். எங்கள் காலத்தில் 15 வருஷம் ஓட்டினால் பென்ஷன். ஊருக்கு வந்து ஏ.டி.எம். வாசலில் உட்கார்ந்தாலும் அடுப்பு எரியும். 2022-இல் வந்த அக்னிபத்தில் நாலு வருஷம்தான், நூற்றில் 25 பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பத்துப் பதினொரு லட்சத்தோடு வீட்டுக்கு அனுப்புவார்கள், பென்ஷன் கிடையாது. அந்தப் பணத்தைக் கொண்டுபோய் ஏ.சி. ஹாலிலும் டிரெட்மில்லிலும் போட்டுவிடாதீர்கள். முதல் ஒரு வருஷம் யாராவது ஒரு நல்ல கோச்சிடம் போய் நில்லுங்கள், சம்பளம் குறைவாக இருந்தாலும் சரி. மெக்லாரனிடம் பன்னிரண்டு பேர் நின்ற மாதிரி. உங்களுக்குப் பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தால் கோபப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். மணல் மூட்டைக்குச் செலவு சாக்கு விலைதான்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று யாராவது கேட்பீர்கள். அடுத்த ரேலியில் ஓட்டத்தில் சில விநாடியில் விட்டுவிட்டான். இப்போது மாலை செட்டுக்கு அவன்தான் சொல்லிக்கொடுக்கிறான். புதுசாக யார் வந்தாலும் முதல் வாரம் கம்பியைத் தொடவிட மாட்டான், நானே சொன்னாலும் விடமாட்டான்.

பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள், பந்திக்கு இந்த ஹால்தான் வேண்டுமாம், நாற்காலியெல்லாம் எடுத்து ஓரமாக அடுக்கச் சொல்கிறார்கள். முன்வரிசைப் பையன்கள் எழுந்திருங்கள். முட்டியை மடக்கித் தூக்கு தம்பி. அந்த நீள பெஞ்சை ஒருவனாக இழுக்காதே, நாலு பேர் பிடியுங்கள், ஒருத்தன் குரல் கொடு. நான் குரல் கொடுக்க மாட்டேன்.