உங்களிடம் எதைக் கேட்டு வருகிறார்கள்?

வணக்கம் நேயர்களே. சிலர் சமையலறையில் இருப்பீர்கள், சிலர் பினாங்குப் பாலத்து நெரிசலில் நின்றுகொண்டிருப்பீர்கள். கைவேலை நடக்கட்டும், காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "இத்தனை வருஷம் ஓடிவிட்டது. இனி எதற்காக இந்த வேலையைப் பார்ப்பது?" பிடித்ததைச் செய் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் தலைமேல் இருக்கிறவருக்கு அந்தப் பேச்சு எதற்கும் உதவாது. அதனால் நான் திருப்பிக் கேட்பேன்: வேலையிடத்தில் மற்றவர்கள் உங்களை எதற்காகத் தேடி வருகிறார்கள்?

ஓர் அக்காவைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்த பிறகு, நம் பெண்கள் எத்தனையோ பேர் ஃபேக்டரி பஸ் ஏறினார்கள். பின்னாளில் நானும் ஏறினேன். எங்களுக்கு பாண்டிங் வேலை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லில் இணைக்க வேண்டும். புதிதாக வந்த பெண்ணுக்குக் கை நடுங்கும். பக்கத்தில் இருந்த அக்கா திட்ட மாட்டார். அவளுடைய நாற்காலியைக் கொஞ்சம் இறக்குவார். முழங்கையை மேசைமேல் பதித்து வைப்பார். "மூச்சை விடும்மா, அப்புறம் கம்பியைப் பார்" என்பார். அவ்வளவுதான், நடுக்கம் நிற்கும். வேறு வரிசையில் இருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். சூப்பர்வைசரின் பதிவேட்டில் இதற்கு இடமே கிடையாது. ஒரு ஷிப்டுக்கு எத்தனை முடித்தார் என்பதுதான் அதில் இருக்கும்.

தானியங்கி இயந்திரங்கள் வந்தன, கையால் செய்த வேலை போயிற்று. அக்கா ஒடிந்துபோனார். அந்த வருத்தத்தை லேசாக எண்ணாதீர்கள், நேயர்களே. வேலை போனால் சம்பளத்தோடு காலையில் எழும் நேரமும் போகிறது, பஸ்ஸில் கூட வந்தவர்களும் போகிறார்கள். அழ வேண்டுமென்றால் அழட்டும். "அதான் வீட்டில் நிம்மதியா இருக்கியே" என்று சொல்லி அடக்காதீர்கள்.

பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பக்கவாதம். கரண்டி கையில் நிற்கவில்லை. பார்க்கப் போன அக்கா, அந்த அம்மாவின் முழங்கையை மேசைமேல் பதித்து வைத்தார். நாற்காலியைச் சரிசெய்தார். மெதுவாகக் கரண்டி வாய்க்குப் போனது. அந்தத் தெருவில் இன்னும் இரண்டு வீட்டார் அவரைக் கூப்பிட்டார்கள். அதற்கப்புறம்தான் பராமரிப்புப் பயிற்சி எடுத்து, பட்டர்வொர்த்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தொழிற்சாலையில் யாரும் எழுதி வைக்காத அந்தக் கைப்பக்குவம், அங்கே அவருடைய தொழிலாகவே ஆயிற்று.

அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன்: உங்களிடம் எதைக் கேட்டு வருகிறார்கள்? கணக்கில் சந்தேகமா? இரண்டு பேர் சண்டையைத் தீர்க்கவா? கடிதம் எழுதித் தரச் சொல்லியா? இன்று வேலையிடத்தில் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமில்லையாம். மூன்று விஷயத்தை வேகமாகச் சொல்கிறேன். ஆட்குறைப்பில் வேலை போனால், சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதித் திட்டத்தில் 60 நாளுக்குள் விண்ணப்பியுங்கள்; வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை உண்டு, பயிற்சிக் கட்டணத்துக்கும் உதவி உண்டு. நீங்களாகவே வேலையை விட்டால் அது கிடைக்காது, அதனால் கோபத்தில் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். அடுத்து, மலேசியத் திறன் சான்றிதழை வேலை அனுபவத்தைக் காட்டியும் வாங்கலாம். எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடிவு சரியில்லை என்று தயங்குகிறவர்கள் ஏப்பெல் பற்றி விசாரியுங்கள். அனுபவத்தை மதிப்பிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் வழி அது. இதைப் பற்றி விரிவாகப் பேசத்தான் குறிப்பு கொண்டு வந்தேன், இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.