தோணி விறகாகறதுக்கு முன்னாடி

மேடையில இருக்கிற தலைவர் அவர்களே, மாநகராட்சி உறுப்பினர் பெருமக்களே, ஹாலைக் குடுத்து உதவின தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, வேலையை விட்டுட்டு வந்து முன் வரிசையில உக்காந்திருக்கிற தோணிக்கார அண்ணாச்சிமாரே, தோணி கட்டுற ஓடாவி வீட்டுப் பெரியவங்களே, யாரையாவது விட்டிருந்தா பொறுத்துக்கணும், எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம தூத்துக்குடிக்கு ஒரு கடல் மியூசியம் வேணும். முத்துக்குளிப்பு, உப்பு, தோணின்னு மூணு விஷயம் பேசலாம்னுதான் வந்தேன். முத்தும் சங்கும் எடுத்த கடல்னு ஊரறிஞ்ச விஷயம், அதையும் உப்பையும் இன்னொரு நாள் பாப்போம், இன்னிக்குத் தோணி மட்டும்.

முதல்ல குடைக் கதை. 1906-ல வ.உ.சி. ஐயா சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சாரு, காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வந்துச்சு, கொழும்புக்குப் போற சனமெல்லாம் ஏறுனா நம்ம கப்பல்லதான் ஏறுவேன்னு நின்னுச்சு. வெள்ளைக்கார கம்பெனி டிக்கெட்ட ஒரு ரூபாய்க்கு எறக்குனான். நம்மாளு எட்டணான்னாரு. ஒடனே அவன் என்ன சொன்னான் தெரியுமா, காசே வேண்டாம், சும்மா ஏறு, ஏறுனா ஒரு குடையும் இனாம்! ஒத்தக் கம்பெனிய ஒழிக்க குடை குடுத்திருக்கான்யா, அவ்வளவு பயம்! 1908-ல ஐயாவை ஜெயில்ல போட்டாங்க, 1911-ல கம்பெனியும் முடிஞ்சுபோச்சு. கோயமுத்தூர் ஜெயில்ல அவரு இழுத்த செக்கு சென்னை கிண்டியில காந்தி மண்டபத்துல இருக்கு, நின்னு பாத்து அழுதிருக்கேன். ஆனா அந்தக் கப்பலோட ஒரு ஆணியக் காட்டு தாத்தான்னு எம் பேத்தி கேட்டா நான் எங்க போவேன்?

அலை ஓஞ்சு கடலாட முடியுமா? இடம் வரட்டும், பணம் வரட்டும்னு பேசிட்டே இருக்கோம். எங்க தாத்தா தண்டல், அதாவது தோணிக்குக் கேப்டன், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரிச்சுப் போனவரு. அவரோட காம்பஸ் பெட்டிய வெள்ளையடிக்கிற அன்னைக்கு நாங்களே பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டோம், இன்னிக்கும் நெனச்சா தூக்கம் வரல. பேப்பர்ல பிளானே இல்லாம கண்ணளவுலயும் நூலளவுலயும் தோணி கட்டுன ஓடாவிக்கு அடுத்து யாரு இருக்கா? கொண்டல் காத்து எது, கச்சான் காத்து எதுன்னு எம் மவனுக்கே தெரியாது.

அதனால கண்ணாடிப் பெட்டியில சின்ன மாடல் வச்சா போதும்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். பாய்மரம், சுக்கான், நங்கூரத்தோட ஒரு முழுத் தோணி நிக்கணும், பக்கத்துல ஒரு தண்டல் உக்காந்து புள்ளைங்களுக்குச் சொல்லணும், அவருக்கு மாசச் சம்பளமும் குடுக்கணும். அதுவும் இப்பவே. அலை ஓஞ்சு கடலாட முடியாது அண்ணாச்சி.

வாசல்ல ஒரு நோட்டு வச்சிருக்கோம். வீட்டுல பழைய தோணிச் சாமான் எது கெடந்தாலும், ஒடஞ்ச கப்பியா இருந்தாலும் சரி, எழுதிட்டுப் போங்க. பாய்த்தோணி ஓட்டுன பெரியவங்க யாரு இருக்காங்கன்னும் எழுதுங்க, நாளைக்குக் காலையிலயே நான் அவங்க வீட்டுக்குப் போறேன்.