30 கார், ஒவ்வொண்ணும் 7.4 கிலோவாட்: டிரான்ஸ்பார்மர் தாங்குமா?

நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "200 கேவிஏ (ஏறக்குறைய 200 கிலோவாட் தாங்குற) டிரான்ஸ்பார்மர்ல 30 வீட்டுக்கு மின்சாரக் கார் வருது. ஆளுக்கு ஒரு 7.4 கிலோவாட் சார்ஜர்னா 222 கிலோவாட் ஆயிடுதே, லோடு கணக்கு போடுற கம்ப்யூட்டர் மாடல்ல அப்படியே போடலாமா?"

போடாதீங்க. முப்பதும் ஒரே நேரத்துல ஓடினாத்தான் அந்த 222. கார் எவ்வளவு நேரம் இழுக்குதுன்னு முதல்ல பாருங்க. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 150 வாட்-ஹவர்னா 6 யூனிட். சார்ஜ் ஆகும்போது 10 சதவீதம் வீணாகுதுன்னு வச்சா மீட்டர்ல 6.7 யூனிட். 7.4ஆல வகுத்தா 54 நிமிஷம், அவ்வளவுதான். எல்லாரும் சாயங்காலம் 5லேர்ந்து 10க்குள்ள முன்னபின்ன வந்து பிளக் போட்டா, சராசரியா ஒரே சமயத்துல ஓடுறது அஞ்சாறு கார், 40 கிலோவாட்.

சராசரியோட நின்னுடவும் கூடாது. வீடு வந்து சேர்ற நேரத்தையும் ஓடின தூரத்தையும் நிஜப் பயணத் தரவுலேர்ந்து ஜோடியாவே எடுங்க. ரெண்டுக்கும் தொடர்பு உண்டு, தனித்தனியா ராண்டமா எடுத்தா அது அறுந்துடும். மாடலை 1000 தடவை ஓட்டி, நூத்துக்கு 95 தடவை தாண்டாத உச்சம் எதுவோ அதை எடுத்துக்கோங்க. நாளைக் கூறு போடுற ஸ்லாட் ஒவ்வொண்ணும் 15 நிமிஷம் போதும். ஒரு மணி நேர சராசரி உச்சத்தை மழுங்கடிச்சுடும்.

வேடிக்கை எங்கன்னா, ராத்திரி 10 மணிக்கு மேல கட்டணம் கம்மின்னு அறிவிச்சா, எல்லாரும் டைமர் வச்சிடுவாங்க. நீங்க பயந்த அதே 222, வீட்டு லோடுக்கு மேல வந்து நிக்கும். இதுக்கு 10 நிமிஷம் வரைக்கும் ராண்டமா தாமதிச்சா போதும்னு சிலர் சொல்வாங்க. 54 நிமிஷ சார்ஜிங்கை 10 நிமிஷம் தள்ளினா உச்சம் குறையாது, லோடு ஏறுற வேகம்தான் குறையும். நாலஞ்சு மணி நேரத்துக்குப் பரப்பணும், இல்லேன்னா டிரான்ஸ்பார்மர் லோடைப் பார்த்து சார்ஜர் கரண்ட்டைக் குறைக்கணும்.

டிரான்ஸ்பார்மர் திணறுறதுக்கு முன்னாடியே, வோல்டேஜ் இறங்கி லைன் கடைசி வீடு மாட்டிக்கலாம். 95 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள், 300 மீட்டர்னா ஒரு கம்பிக்கு 0.096 ஓம். கடைசியில ஒரே ஃபேஸ்ல ரெண்டு கார், தலா 32 ஆம்பியர், மொத்தம் 64. நியூட்ரல்லயும் அதே கரண்ட் திரும்புறதால 0.192 ஓம், 12 வோல்ட் போச்சு. 230ல அஞ்சு சதவீதத்துக்கு மேல! அதே இடத்துல மூணு கார் மூணு ஃபேஸ்ல பிரிஞ்சிருந்தா நியூட்ரல் கரண்ட் கிட்டத்தட்ட பூஜ்யம், 3 வோல்ட்தான் இறங்கும். அதனால மூணு ஃபேஸும் சமம்னு வச்சு மாடல் போட்டா இந்தப் பிரச்னை கண்ணுக்கே தெரியாது.

ஓப்பன்டிஎஸ்எஸ்ங்கிற மின் விநியோக மாடல் மென்பொருளைப் பயன்படுத்துறவங்க, லோடுல இருக்கிற 'விமின்பியூ' (Vminpu) அமைப்பைப் பாருங்க. லோடுக்கான குறைந்தபட்ச வோல்டேஜ் வரம்பு அது. நீங்க தொடலேன்னா அது 0.95, அதாவது வழக்கமான வோல்டேஜ்ல 95 சதவீதம். வோல்டேஜ் அதுக்குக் கீழ போனதும், மாறாத பவர்னு கொடுத்த லோடை மென்பொருள் மாறாத இம்பீடன்ஸா (மின்தடை மாதிரி, வோல்டேஜ் இறங்கினா கரண்ட்டும் இறங்கும்) மாத்திடும். கரண்ட் குறைஞ்சு ரிசல்ட் நல்லா இருக்கிற மாதிரி காட்டும். கார் லோடுக்கு அதை 0.85க்கு இறக்கி, திரும்ப ஓட்டிப் பாருங்க.