படபடப்பு நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

வணக்கம். இன்று ஒரு இ.சி.ஜி. தாளோடு உட்கார்ந்திருக்கிறேன். பெயர், வயது எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். இளஞ்சிவப்புக் கட்டங்களுக்கு மேலே கூர்மையாக எழுந்து நிற்கிறதே, ஒவ்வொன்றும் ஒரு துடிப்பு. முதல் இரண்டுக்கும் நடுவே மூன்று பெரிய கட்டம். அடுத்து ஐந்து. அதற்கடுத்து இரண்டரை. பிறகு நாலு. ஒரு இடைவெளிகூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. வழக்கமாக ஒவ்வொரு முனைக்கும் முன்னால் சின்னதாக ஒரு மேடு இருக்கும், பி அலை என்போம். இதில் அது கிடையாது. கோடு நடுங்கிக்கொண்டே போகிறது. இதற்குப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். வார்டில் ஏ.எஃப். என்போம்.

இ.சி.ஜி. எடுப்பதுதான் என் வேலை. நான் டாக்டர் இல்லை, யாருக்கும் மருந்து சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, கைகால் விழுந்து ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனது ஆறுவதில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

இதயத்தின் வலது மேலறையில், உச்சியில் ஒரு சின்னத் திசு இருக்கிறது. துடிப்புக்கான மின்சாரம் அங்கிருந்துதான் கிளம்பும். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. ஏ.எஃப். வந்தால் மேலறைகளில் நிமிடத்துக்கு 350, 500 என்று கண்டபடி மின்சாரம் ஓடும். நடுவில் இருக்கும் இன்னொரு முடிச்சு அதில் கொஞ்சத்தை மட்டும் கீழே விடும். அதுவும் ஒழுங்கில்லாமல் விடும். அதனால்தான் படபடப்பு, மூச்சு வாங்கல், மாடி ஏறினால் தளர்ச்சி. பலருக்கு இது எதுவுமே தெரியாது.

ஆபத்து துடிப்பில் மட்டும் இல்லை. மேலறை சுருங்கி விரியாமல் நடுங்குவதால், இடது மேலறையை ஒட்டியிருக்கும் ஒரு சின்னப் பையில் ரத்தம் தேங்கிவிடுகிறது. பாலை ஆட்டாமல் அசைக்காமல் வைத்தால்தானே தயிர் உறைகிறது, அதே மாதிரி அங்கே ரத்தம் உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு.

ஆகவே சீட்டில் பெரும்பாலும் இரண்டு வகை மாத்திரை இருக்கும். ஒன்று துடிப்பைக் கட்டுப்படுத்த. இன்னொன்று ரத்தம் உறையாமல் இருக்க. முதல் மாத்திரை வேலை செய்வது உடம்புக்குத் தெரியும். இரண்டாவது எதையுமே காட்டாது. ‘படபடப்பு போய்விட்டதே, இனி எதற்கு’ என்று மக்கள் நிறுத்துவது அதைத்தான். தயவுசெய்து செய்யாதீர்கள். ஏ.எஃப். பலருக்கு வந்து வந்து போகும். அப்லேஷன், அதாவது கோளாறான மின்சாரம் கிளம்பும் இடத்தைக் குழாய் விட்டுச் சுட்டுவிடும் சிகிச்சை, அதைச் செய்து துடிப்பு சீரானவர்களுக்குக்கூட, வயது, பி.பி., சர்க்கரை, முன்பு ஸ்ட்ரோக் வந்ததா என்றெல்லாம் பார்த்துத்தான் இந்த மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ‘ஆஸ்பிரின் போடுகிறேனே’ என்பார்கள் சிலர். ஏ.எஃப். கட்டிக்கு ஆஸ்பிரின் ஈடாகாது.

ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. ஏ.எஃப்.புக்குப் பொதுவாக 2க்கும் 3க்கும் நடுவே இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி, மிகவும் கூடினால் ரத்தக் கசிவு. செயற்கை வால்வு வைத்திருந்தால் டாக்டர் வேறு அளவு சொல்வார். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும், அதற்காக அதை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றுவதுதான் கெடுதல். வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும்.

அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வரும் மூட்டுவலி. மெடிக்கலில் போய் வலி மாத்திரை கேட்பது, தெரிந்த இடத்தில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வது, இரண்டும் வேண்டாம். ஊசி போட்ட இடத்தில் உள்ளுக்குள் ரத்தம் கட்டி இடுப்பு முழுக்கக் கருநீலமாக வீங்கி வந்த ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன். அவர்களால் உட்காரவே முடியவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்பும், நாட்டு மருந்து எடுப்பதற்கு முன்பும் ‘ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற புது மாத்திரைகள் இருக்கின்றன. மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்கும் அலைச்சல் இல்லை. பலருக்கு இதுவே நல்லது. ஆனால் நம் ஊரில் ஒரு விஷயம் உண்டு. சின்ன வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து மூட்டுக் காய்ச்சல் வந்து, அதில் இதய வால்வு சுருங்கி, முப்பது நாற்பது வயதிலேயே ஏ.எஃப். வந்தவர்கள் நிறையப் பேர், அதிலும் பெண்கள் அதிகம். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. அதில் ரிவரோக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்துதான் நன்றாகக் காப்பாற்றியது. பக்கத்து வீட்டுக்காரர் புது மாத்திரைக்கு மாறிவிட்டார் என்று நீங்களாக மாறாதீர்கள்.

சரி, வீட்டில் என்ன பார்க்கலாம்? கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரலை வையுங்கள். அழுத்த வேண்டாம். முழுசாக ஒரு நிமிடம். எண்ணிக்கையைவிட இடைவெளியைக் கவனியுங்கள். எப்போதாவது ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது ‘தொம்’ என்று அடிப்பது நிறையப் பேருக்கு உண்டு, பெரும்பாலும் பயமில்லை. எந்த ஒழுங்குக்கும் வராமல் ஓடிக்கொண்டே இருந்தால் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். 65 தாண்டிய அப்பா அம்மா இருந்தால் நீங்களே அவர்கள் கையைப் பிடித்துப் பாருங்கள். பி.பி. மெஷின் சீரற்ற துடிப்பு என்று அடையாளம் காட்டினாலும் அசட்டையாக விடாதீர்கள். தைராய்டு, குடி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, இவையும் ஏ.எஃப்.பைக் கிளப்பும். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் கை வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். கூடப் போகிறவர் இரண்டு விஷயத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும்: கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைக் கடைசியாக எப்போது போட்டார். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.